குடைக்காரனின் அச்சேறாத இதழ்

ரப்பரை நான் எப்போதும் சட்டைப் பையில்தான் வைத்திருப்பேன். மேசையில் வைத்தால் உருண்டு கீழே போய்விடும், குனிந்து எடுக்க முதுகு ஒத்துழைப்பதில்லை. ரப்பர் எங்கிருந்து வந்தது என்று முதல் கேள்வியாகக் கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

வாசகர் மன்றம் எனக்காக விசாரணைக் குழு அமைத்து, ஐந்து நாற்காலி போட்டு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பென்சில் கோட்டை அழித்ததற்கெல்லாம் வழக்குப் போட முடியாது என்று காவல் நிலையத்தில் உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். குழுத் தலைவர் குடைக்காரன் படம் போட்ட பனியனில் வந்திருக்கிறார். அந்தப் படத்துக்கு மை போட்டவன் நான். இங்கே வேறு யாரும் அதைச் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

குறிப்பெடுப்பவர் ஓர் இதழைக்கூடப் படித்தவராகத் தெரியவில்லை. அவருக்காக: குடைக்காரன் எங்கள் படக்கதையின் நாயகன், ஒரு தபால் அலுவலக எழுத்தர். மழை பெய்தால் மட்டும் இரும்புக் குடையை விரித்துப் பறந்து ஊரைக் காப்பாற்றுவார். வெயில் காலத்தில் இதழ் வராது. இதுவரை பதினான்கு இதழ், இதழுக்கு முந்நூறு பிரதி. ஓவியரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பென்சிலில் வரைவார். நான் கோட்டின்மேல் மை போட்டு, காய்ந்ததும் பென்சிலை அழிப்பேன். அழிப்பதும் என் வேலைதான் என்பதைக் குழு குறித்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் இதழில் குடைக்காரனுக்கு ஓர் உதவியாள் வந்தான். சண்டை முடிந்ததும் குடையைத் துடைத்துக் கொடுப்பதுதான் அவன் வீரம். பெயர் ஈரத்துண்டு. முன்வழுக்கை, தாடையில் மச்சம், வாயில் விரல் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மூஞ்சி. அது என் மூஞ்சி. "சும்மா தமாஷுக்குப்பா" என்றார் அண்ணன். நானும் சிரித்தேன். பன்னிரண்டு இதழ்கள் என் முகத்துக்கு நானே மை போட்டேன். என் தம்பி மகள் என்னை இன்றைக்கும் "ஈரத்துண்டு பெரியப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பாதிதான் திரும்பி வந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு பக்கமாக, இரண்டு வருடத்தில் கடைசி இதழின் இருபத்துநான்கு பக்கங்களை வரைந்து முடித்தார். அண்ணிதான் அந்தத் தாள்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "இனிமே இவரால முடியாதுப்பா, டாக்டரே சொல்லிட்டார். நகல்கூட எடுக்க விடமாட்டேங்கிறார். நீ மை போட்ட பிறகுதான் யாரும் பாக்கணுமாம். பத்திரம்."

"என் உயிர் மாதிரி பாத்துக்கிறேன் அண்ணி" என்றேன். அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் இருக்கும் பக்கம் முடியாமல் அடுத்த பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். கதை தெரிந்துவிட்டால் கை அவசரப்படும். அண்ணனுக்கும் இது தெரியும்.

முதல் பக்கத்தில் ஈரத்துண்டு குடையைத் துடைக்கும்போது கைதவறிச் சாக்கடையில் போட்டுவிடுகிறான். ஊரே சிரிக்கிறது. நான் அந்த முகத்தை மட்டும்தான் அழித்தேன். ஆனால் தலையில்லாத ஒருவன் நடுத்தெருவில் நின்றால் நன்றாகவா இருக்கும், நீங்களே சொல்லுங்கள். உடம்பையும் எடுத்தேன். இப்போது கூட்டம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று புரியவில்லை, அதனால் கூட்டத்தை எடுத்தேன். மூலையில் குடைக்காரன் மட்டும் மிஞ்சினார். கோடெல்லாம் நடுங்கியிருந்தது. இதை அச்சில் பார்த்தால் அண்ணனின் பெயர் என்ன ஆகும்? அவருடைய மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கு இருந்தது. குடைக்காரனையும் எடுத்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஈரத்துண்டு பயந்து ஓடுகிறான். ஏழாவதில் தபால் மூட்டைக்குள் ஒளிந்துகொள்கிறான். பதினோராவதில் ஒரு கைக்குழந்தை அவனைத் தட்டிக்கொடுக்கிறது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. நாளுக்கு ஒரு பக்கம், காலைக் காபிக்குப் பிறகு, தாள் கசங்காமல், தூளைப் பிரஷால் தட்டிவிட்டுச் சுத்தமாகச் செய்தேன். வேலையில் என்னைக் குறை சொன்னவர் கிடையாது. அந்த இருபத்துமூன்று நாளும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் கடைவாய்ப் பல் ஒன்று விண்டுபோனது, அது வேறு விஷயம்.

இருபத்துநான்காவது, பக்கம் முழுக்க ஒரே படம். கொட்டுகிற மழை. குடைக்காரன் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார். மேலே குடையை விரித்துப் பறப்பவன் ஈரத்துண்டு. அதே வழுக்கை, அதே மச்சம், ஆனால் முகத்தில் துளி பயம் இல்லை. அந்த முகத்தில் ஒரு கோடுகூட நடுங்கவில்லை. அந்தக் கைக்கு அது எத்தனை நாள் வேலையோ தெரியாது. ஓரத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: "தம்பி, இத்தனை நாள் உன்னக் கேலி பண்ணதெல்லாம் இந்த ஒரு பக்கத்துக்குத்தான். நல்லா மை போடு."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கே மை போட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. ஓரக் குறிப்பை மட்டும் வழக்கப்படி அழித்துவிட்டேன்.

கட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி சாப்பாட்டு மேசையில் பரப்பினார். "என்னப்பா இது, வெறும் தாளா இருக்கு?" ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பென்சில் அழுந்திய தடம்கூட இல்லை. அந்தக் கைக்கு அழுத்தம் ஏது.

"கோடு நடுங்குச்சு அண்ணி" என்றேன்.

"பாவி" என்றார். அண்ணி அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை, அதனால் மன்னித்துவிட்டேன்.

உள்ளறையில் அண்ணன் கடைசிப் பக்கத்தை மார்மேல் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "மத்ததும் இதே மாதிரி வந்திருக்கா தம்பி?" என்று குழறிக்கொண்டே கேட்டார்.

"வந்திருக்குண்ணே" என்றேன்.

அவர் அழுதார். சந்தோஷத்தில்தான்.

ஆக, இருபத்துமூன்று பக்கங்களையும் அழித்தவன் நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தனக்குப் பிறகு குடை யார் கைக்குப் போக வேண்டும் என்பதை அண்ணனே வரைந்து காட்டிவிட்டார். அடுத்த இதழை நான் வரையத் தயார். தாளுக்குக்கூட நீங்கள் அலைய வேண்டாம். இருபத்துமூன்று நல்ல தாள் அண்ணி வீட்டு மேசையில் சும்மாதான் கிடக்கிறது. அதில் முன்பு யாரோ வரைந்திருந்தார்கள் என்று சொன்னால்கூட யாரும் நம்பமாட்டார்கள்.