பாயை நனைத்தது யார்

தெரணியகலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் தன் ஐந்து வயது மகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

"அஞ்சு மணிக்கப்புறம் புள்ளைக்கு பிளேன்டீ குடுக்கிறதில்லக்கா. படுக்கும்போது வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வருவேன். அப்படியும் காலையில பாயும் பாவாடையும் நனைஞ்சுதான் கிடக்கும். கோவத்துல அடிச்சிருக்கேன்."

"சின்னப் புள்ளதானே, போகப்போக நின்னுரும்."

"புள்ள நனைக்கவே இல்லக்கா."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"நான் கைக்குழந்தையோட கட்டில்ல படுப்பேன். அவரும் புள்ளையும் கீழ பாயில. போன கிழமை புள்ளைய எங்கம்மா வீட்டுல நாலு நாள் விட்டேன். அங்க ஒரு நாளும் நனைக்கல. இங்க வீட்டுல பாய் நனைஞ்சிருந்துச்சு. அவருகிட்ட கேட்டேன், தலையைக் குனிஞ்சுகிட்டாரு. வெக்கத்துல, நான் எழும்புறதுக்கு முந்தி தூங்குற புள்ளையத் தூக்கி ஈரத்துல போட்டிருக்காரு."

மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"பெத்த அப்பனா இப்படிச் செஞ்சாரு? புள்ளைக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் முழிச்சிருச்சாம். ஏன் எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். அப்பா அழுதாரும்மா, அதான் சொல்லலன்னுச்சு."

"இப்ப என்ன செய்யப் போற?"

"ரத்தத்துல சீனி கூடுற சீனி வருத்தத்தாலதான் இப்படி ஆகுதான்னு பாக்க நாளைக்கு அவர கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போறேன். புள்ளைய அடிச்சதுக்கு நான் என்ன செய்றதுக்கா?"

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.