இறக்கத்தில் பிடித்தது யார்

சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுகிறவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் போட்டுவிடுகிறார்கள். அது தூசியை இழுத்து செயினையே அரைத்துவிடும். ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு போதும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற சைக்கிளைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன் ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதினாறு வருடமாக நான் ஒரு பந்தய சைக்கிள் குழுவில் மெக்கானிக். எட்டு வீரர்கள், எட்டு வண்டிகள். அந்த எட்டுப் பேரில் ஒருவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், குடி கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. ஒரே ஒரு பழக்கம் உண்டு. ஜெயித்து முடித்ததும் கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு விரலை வானத்துக்கு நீட்டுவார். யாராவது மைக்கைக் கொண்டுவந்தால், "நான் ஒண்ணுமே பண்ணலைங்க. எல்லாம் மேல இருக்கறவர் பண்ணது" என்பார்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெள்ளம், பஞ்சம், போர் என்று ஆயிரம் வேலை குவிந்து கிடக்க, எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சைக்கிள் பந்தயத்தில் மூன்றாம் இடம் யாருக்கு என்று உட்கார்ந்து யோசிப்பாரா அவர்? எதிர்க் குழுவிலும் நான்கு பேர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் வண்டியில் ஏறுகிறார்கள். யார் மனு முதலில் வந்தது என்று டோக்கன் கொடுப்பாரா? தோற்ற நாளில் கேட்டால், "சோதிக்கிறாரு மச்சான்" என்பார் மாப்பிள்ளை. ஜெயித்தால் அருள், தோற்றால் சோதனை. எந்தப் பெட்டியில் போட்டாலும் ஓட்டு அவருக்கே. டயர் பஞ்சரானால் மட்டும், "மச்சான், பாத்து மாட்டியிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் வருவார்.

எனக்குப் பாராட்டு வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது உண்மை. பந்தயத்தில் மேலே இருக்கிறவர் தலையிடுகிறாரா, இல்லையா? இத்தனை காலமாக எல்லோரும் வாயால் பேசிக்கொண்டே இருக்கிறார்களே தவிர, ஒருவரும் முறையாகச் சோதித்துப் பார்த்ததில்லை. நான் கையால் வேலை செய்கிறவன். சக்கரம் கோணலா என்று விவாதம் செய்துகொண்டிருக்க மாட்டேன், சுற்றிவிட்டுப் பார்ப்பேன்.

முறையாகச் செய்வதென்றால் ஒப்பிட இன்னொரு ஆள் வேண்டும். நம்புகிற ஒருவர், நம்பாத ஒருவர். நம்பாதவனுக்கு எங்கள் குழுவில் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். இருபத்து நான்கு வயது. எல்லாவற்றையும் ஏன், எதற்கு என்று கேட்பான். சாமி பேச்சை எடுத்தால், "அண்ணே, உங்க கை இருக்கற வரைக்கும் எனக்கு வேற சாமி எதுக்கு?" என்பான். பந்தயம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து கையைக் குலுக்குகிறவன் அவன் ஒருவன்தான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பொருத்தமாக இருந்தான், அவ்வளவுதான்.

கைப்பிடியை நான்கு சின்னத் திருகுகள்தான் பிடித்திருக்கின்றன. அவற்றை முறுக்கி முடித்ததும் திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பேன். திருகு அசைந்தால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். ஏறுவதற்கு முன்னால் வீரர்கள் அந்தக் கோட்டைக் கட்டை விரலால் தடவிப் பார்ப்பார்கள். நேராக இருந்தால் போதும், திருகுச் சாவி போட்டு இறுக்கிப் பார்க்க மாட்டார்கள். மெக்கானிக்கின் கோட்டுக்கு மேல் சாவி போடுவது எங்கள் தொழிலில் அவமரியாதை. திருகைத் தளர்த்திவிட்டு அப்புறம் கோடு போட்டாலும் அது நேராகத்தான் இருக்கும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

மலை உச்சியிலிருந்து இறங்குகிற பந்தயம் அது. காலையில் சின்னத் தூறல். இரண்டு வண்டிகளிலும் நான்கு திருகுகளையும் ஒரே அளவு தளர்த்தினேன். சோதனையில் ஓரவஞ்சனை கூடாது. சமதரையில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதும் கைக்கு வரும்போதுதான் தெரியும். இரண்டுக்கும் கோடு போட்டேன். மேலே பார்த்து, "உங்கள் முறை" என்றேன். கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னேன்.

அப்போது தங்கை டீ கொண்டுவந்தாள். இடுப்பில் குழந்தை.

"அண்ணா, அவரு வண்டி சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

"நீ பாத்தா சரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கேதான் ஒரு தவறு செய்தேன். என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. அவள் தலை மறைந்ததும் மாப்பிள்ளையின் வண்டியில் ஒரு திருகை, ஒன்றே ஒன்றை, பழையபடி முறுக்கினேன். பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன். சோதனை அங்கேயே கெட்டுவிட்டது. தெரிந்தும் நிறுத்தவில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் வண்டியை எடுக்க வந்துவிட்டார்கள். சந்தேகம் கோட்டைத் தடவிப் பார்த்து, "தேங்க்ஸ் அண்ணே" என்றான்.

மூன்றாவது வளைவில் அவன் கைப்பிடி ஒரே திருப்பாகத் திரும்பியது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எண்பது அடிப் பள்ளம். மாப்பிள்ளையின் கைப்பிடி ஐந்தாவது வளைவில் நகர ஆரம்பித்தது, ஆனால் மெதுவாக. வேகத்தைக் குறைக்க நேரம் கிடைத்து, புதருக்குள் போய் விழுந்தார். தொடையெலும்பும் தோளும் முறிந்தன, தலையிலும் அடி. விசாரித்த பந்தயக் கமிட்டி, கோடுகள் நேராக இருந்ததைப் பார்த்துவிட்டு, ஈரச் சாலைதான் காரணம், கைப்பிடிகள் விழுந்த அதிர்ச்சியில் கழன்றிருக்கின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. என்மேல் யாருக்கும் ஒரு துளி சந்தேகம் இல்லை. அடக்கத்தில் அந்தப் பையனின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தியேதான்பா பேசிட்டிருப்பான்" என்று அழுதார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது.

"மச்சான், கைப்பிடி சட்டுனு திரும்பல. மெதுவாத்தான் போச்சு. யாரோ கூடவே புடிச்சிட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

"யாரு?" என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வேற யாரு? மேல இருக்கறவர்தான்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பையன் சாமியே இல்லைன்னு பேசினான், பாத்தியா? நீயும் ஒரு தடவை நன்றி சொல்லிக்கோண்ணா" என்றாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். வயிறு எரிந்தது ஐயா. நம்பாதவன் போய்விட்டான், நம்பியவர் பிழைத்துவிட்டார். ஊரே இனி இதைத்தான் சொல்லப்போகிறது. அங்கிருந்து பஸ் பிடித்து நேராக இங்கே வந்தேன்.

அந்தப் பையனைக் கொன்றது நான். அதை நீங்கள் எந்த வரியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வரியில், மாப்பிள்ளையைக் காப்பாற்றியது நான்தான் என்று எழுதுங்கள்.