குப்பாயி கையில் வட்டம்

உங்கள் படிவத்தில் ஏழாவது கேள்விக்கு ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். ‘பணியில் இதுவரை நேர்ந்த தவறு ஏதேனும் உண்டா?’ நான்கு வருடமாக ‘இல்லை’ என்று எழுதிப் பாலிசியைப் புதுப்பித்துவந்தேன். அதற்கு அந்த இடம் தாராளம். இந்தமுறை தனித்தாள் இணைக்கிறேன்.

பொன்னேரியில் எங்கள் ஆஸ்பத்திரி சிறியது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். நர்ஸ் ஜானகியம்மாள் நான்தான். நான் போடும் ஊசியால் யாருக்காவது ஏதாவது ஆகி வழக்கு வந்தால் உதவட்டும் என்று டாக்டர்தான் என் பேரில் இந்தப் பாலிசியை எடுத்தார். உங்கள் ஏஜெண்ட் ஒரு விதியை மட்டும் இரண்டுமுறை படித்துக்காட்டினார். பென்சிலினுக்கு முன் டெஸ்ட் போட்டதற்கு அடையாளம் இல்லையென்றால் பாலிசி செல்லாது. அடையாளம் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. முன்கைத் தோலில் துளி மருந்து ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு, இருபது நிமிடம் உட்காரவைப்போம். தடித்தால் ஊசி கிடையாது.

எழுபத்துநாலு ஐப்பசியில் பழவேற்காட்டிலிருந்து குப்பாயி வந்தாள். காலில் மீன்முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. புருஷன் தேசப்பன் வாசலில் நின்றார். வரிசை தெருவரைக்கும் இருந்தது.

“போன தபா போட்டதுல ஒண்ணும் ஆவலம்மா. சும்மா குத்திடு, பஸ்ஸு பூடும்” என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. திரைக்குப் பின்னால் படுக்கவைத்துக் குத்தினேன். ஊசியைக் கீழே வைப்பதற்குள் அவள் உதடு வீங்கியது. மூச்சு திணறியது. டாக்டர் மீஞ்சூருக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். அவர் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

“மை ஏன் கலங்கியிருக்கு?” என்று அவள் கையைப் பார்த்துக் கேட்டார்.

“வேர்வை டாக்டர்” என்றேன். அது பொய்யில்லை.

உங்கள் அதிகாரி வந்தபோது எனக்காகச் சாட்சி சொன்னவர் தேசப்பன். “குளிப்பாட்டசொல்ல நானே பாத்தேன் சார். ரவுண்டு இருந்திச்சி. சிஸ்டர் மேல தப்பு இல்ல.” வருடாவருடம் அவள் திதிக்கு மறுநாள் எனக்கு நண்டு கொண்டுவந்து தருகிறார். வாங்கிச் சமைக்கிறேன். சாப்பிட முடிவதில்லை. மேசையில் காபி டம்ளர் பதிந்த வளையத்தை உடனுக்குடன் துடைத்துவிடுகிறேன். துடைத்த பிறகும் அது தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

டெஸ்ட் இல்லாமல் குத்தியதுதான் என் தவறு என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது அவசரம். யாருக்கும் நேரும். அடுத்து நான் செய்தது நிதானமாகச் செய்தது. பென்சிலின் ஒவ்வாமையை முறிக்கும் மாற்று மருந்து அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போடவும் எனக்குத் தெரியும். அவள் பிழைத்திருக்கலாம். பிழைக்காவிட்டால் வட்டம் இல்லாத கை மிஞ்சும், என் வேலையும் நர்ஸ் பதிவும் போகும். டாக்டர் வருவதற்குள் ஒன்றுக்குத்தான் நேரம் இருப்பதாகப் பட்டது. பேனாவை எடுத்தேன்.

நான் குனிந்ததும், மருந்து போடத்தான் வருகிறேன் என்று நினைத்து, குப்பாயி தானே கையை நீட்டிக் கொடுத்தாள்.