எங்கள் ஒழுங்கைக்குக் கேட்காத அறிவிப்பு

ஓடுகிறோம். நான், மனைவி பரீதா, என் தோளில் ஆறு வயது மகள் அஸ்மா. மூதூர். இரண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட். ஆமிக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டை ஊருக்குள் வந்து இரண்டாம் நாள். காலை ஆறு முப்பத்திரண்டு. நேரம் நன்றாக ஞாபகம். பிள்ளை விழுந்துவிடாமல் பரீதா அவள் முதுகைப் பிடித்திருந்தாள். பரீதாவின் கை மணிக்கூடு என் கண்ணுக்கு நேரே இருந்தது.

நாங்கள் பெரிய பள்ளிவாசல் பக்கம் ஓடுகிறோம். மாமா எதிர்ப்பக்கம் ஓடுகிறார். கடற்கரைப் பக்கம். காலில் செருப்பில்லை. சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார். வலது கை காதில். பாங்கு சொல்லும்போது வைப்பதுபோல.

"வீட்டுக்குள்ள இரிக்காதீங்க! கடப்பக்கம் ஷெல் விழுது! பெரிய பள்ளிக்கி ஓடுங்க! ஓடுங்க!"

மாமா என்றால் பரீதாவின் வாப்பா. பெரிய பள்ளியின் மோதினார். முப்பத்தொரு வருடம் அங்கே பாங்கு சொன்னவர். ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை பள்ளிக்குள், கொங்கிறீட் தட்டுக்குக் கீழே, பத்திரமாக இருந்தார். மைக் அவர் கையில் இருந்தது. கறண்ட் இல்லை. ஆனால் பள்ளி அம்ப்ளிபயருக்குக் கார் பற்றரி இருந்தது. அதைப் பூட்டிக் கொடுத்தவன் நான். ஆறு ஐந்துக்கு அறிவிப்பைத் தொடங்கினார். ஊரில் மூன்று பக்கத்துக்கும் கேட்டது. மூன்று பக்கத்துச் சனமும் வந்து சேர்ந்தது. எங்கள் ஒழுங்கையிலிருந்து, கடற்கரைக்குப் போகும் அந்தச் சின்னத் தெருவிலிருந்து, ஒருவரும் வரவில்லை. இருபது நிமிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு மைக்கை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே இறங்கினார்.

எங்கள் ஒழுங்கையைப் பார்த்த ஹோன் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. அது அவருக்குத் தெரியும். ஏன் வேலை செய்யவில்லை என்பது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

தூரத்தில் குடாவுக்கு அந்தப் பக்கம் ‘டும்’. நான் எண்ணிக்கொண்டே ஓடினேன். பதினான்கு வரை எண்ணினால் விசில் கேட்கும். பிறகு நிலம் ஆடும். இரண்டு நாளில் எல்லோரும் இதைப் பழகியிருந்தோம். ஆறு நாற்பத்தொன்றுக்கு விழுந்ததற்கு விசில் கேட்கவில்லை. பள்ளி வாசற்படியில் நிற்கிறேன். திரும்பிப் பார்த்தேன். ஒழுங்கையின் கடற்கரை முனையில் சிவப்பு ஓட்டுத் தூள் எழும்பி நிற்கிறது. கத்திக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது.

பரீதா என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையை இறக்கினேன். போகவில்லை. கால் வரவில்லை என்று அன்று சொன்னேன். பயத்தில் போகவில்லை என்பதே சரி.

இனி ஹோனின் கதை.

நான் வயரிங் வேலைக்காரன். மூதூரில் பள்ளி, கடை, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவது நான். பெரிய பள்ளியில் நான்கு ஹோன் கட்டினேன். நான்காவதை எங்கள் ஒழுங்கை வாசலில் லைட் போஸ்டில் கட்டச் சொன்னவர் மாமாதான். அரிசி ஆலைச் சுவர் மறைப்பதால் பள்ளிச் சத்தம் எங்கள் பக்கம் வராது. "கடக்கரச் சனத்துக்கும் பாங்கு கேக்கோணும் மருமகன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் புதுப் பள்ளியில் சேர்ந்தேன். ஏகத்துவம் பேசுபவர்களின் பள்ளி. தகரக் கொட்டில்தான். அங்கே கேட்டவை எனக்குப் பிடித்தன. இன்றும் பல பிடிக்கும். சீதனம் வாங்காதே என்றார்கள். தாயத்துக் கட்டி ஏழையின் காசைப் பிடுங்காதே என்றார்கள். மார்க்கத்தை நீயே வாசி என்றார்கள். நான் வாசித்தேன். வாசித்த எல்லாவற்றையும் கொண்டுபோய் மாமாவின் முன்னால் போட்டேன். நபியின் புகழ் பாடும் மௌலூது பித்அத், மார்க்கத்தில் இல்லாததைப் புகுத்தியது. இறைநேசர் பேரில் சோறு போடும் கந்தூரி பித்அத். கபுறடியில் தல்கீன் ஓதுவது, அதாவது அடக்கிய மையத்துக்குக் கேள்வி பதில் சொல்லிக் கொடுப்பது, பித்அத். நான் இருந்ததோ அவர் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீட்டில். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

"நீங்க கிதாபுல பாத்துக் கதைக்கிறீங்க மருமகன். நான் என்ட வாப்பா ஓதினத்தக் கதைக்கிறன். ரெண்டுபேரும் அல்லாஹ்வத்தானே கதைக்கிறம். சோறு ஆறுது, தின்னுங்க."

எனக்கு அந்த நிதானம்தான் எரிச்சல். அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பெரிய பள்ளிக்காரர் பக்கமும் சுத்தமில்லை. எங்கள் கொட்டிலுக்குக் கல்லெறிந்தார்கள். எங்கள் ஆள் ஒருவர் மௌத்தானபோது, மையவாடியில் அடக்க இடம் தர ஏலாது என்று பகல்வரை ஜனாஸாவை வெயிலில் வைத்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் அழுத அழுகை என் காதில் இருந்தது. ஊரில் மேடை போட்டு விவாதம் நடந்தது. இரண்டு மேடைக்கும் மைக் கட்டினவன் நானே. எங்கள் மௌலவி அன்று சொன்னார்: தீமையைக் கையால் தடுக்க முடிந்தவன் கையால் தடுக்க வேண்டும். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். எனக்குக் கையில் குறடு இருந்தது.

சண்டைக்கு ஒன்பது நாள் முன்பு கந்தூரி தொடங்கியது. அஸர் தொழுகைக்குப் பின் மௌலூது. மூன்று மணித்தியாலம். நான்காவது ஹோன் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தே பாடியது. இரண்டாம் நாள் மத்தியானம், சனம் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், ஏணியைச் சாய்த்து ஏறினேன். ஒருவரும் கேட்கவில்லை. நான் ஏணியில் நிற்பது ஊருக்குப் பழக்கம். வயரை வெட்டவில்லை. உள்ளே ஒரு கம்பி நரம்பை மட்டும் கழற்றி, மடித்து, பழையபடி டேப் சுற்றினேன். தொழில் தெரிந்தவன் செய்தால் வெளியே தெரியாது. இறங்கி வந்து கை கழுவிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் மாமா வந்தார்.

"மருமகன், நம்மட ஒழுங்க ஹோன் சத்தமில்ல. ஒருக்காப் பாருங்களன்."

"பாத்தன் மாமா. உள்ளுக்குக் கோயில் எரிஞ்சிட்டு. கொழும்பிலருந்துதான் எடுக்கோணும்."

"கோயில்" என்று நாங்கள் சொல்வது ஹோனுக்குள் இருக்கும் கம்பிச் சுருளை.

"எவ்வளவு நாள் செல்லும்?"

"ரெண்டு கிழம."

"பறவால்ல. அதுவரைக்கும் ஒழுங்கைக்கு நான் நடந்து வந்து சொல்லுறன்" என்றார். சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். மௌலூதைத் தடுத்துவிட்டேன் என்று நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். பாங்கும் அந்த வயரால்தான் வருகிறது என்பதை யோசிக்கவில்லை. புதுப் பள்ளியில் பாங்கு உண்டுதானே என்று இருந்தேன். அங்கே பற்றரி இல்லை. கறண்ட் நின்றதும் எங்கள் பள்ளி ஊமை.

இப்போது மறுபடி அந்தக் காலை. ஒழுங்கையில் பத்து வீடு. ஆறு ஐந்திலிருந்து நாங்கள் எல்லோரும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். ஷெல்லுக்கு இடையில் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. சொல் விளங்கவில்லை. பரீதா கேட்டாள்: "பள்ளியில என்னவோ சொல்றாங்க, என்ன அது?" விளங்கவில்லை என்றேன். அதுவாவது பொய்யில்லை.

மாமா பள்ளிப் பக்கத்திலிருந்து நுழைந்தார். முதல் வீடு எங்களுடையது. கதவை இரண்டு கையாலும் அடித்தார். மகள் வெளியே வந்ததைப் பார்த்தார். பேத்தியின் தலையைத் தொடவும் நிற்கவில்லை. அடுத்த வீடு. அடுத்த வீடு. எட்டு வீட்டுச் சனம் அவர் குரலைக் கேட்டு ஓடிவந்து பள்ளியில் ஏறியது. நாற்பதுக்கு மேல் உயிர். ஒன்பதாம் வீட்டு வாசலில் அவர் நிற்கும்போது விழுந்தது.

அஸருக்குப் பிறகு சற்று ஓய்ந்தது. மாமாவோடு சேர்த்து எங்கள் ஒழுங்கையில் மௌத்தான நான்கு பேரையும் பள்ளி வளவுக்குள்ளேயே அடக்கினோம். மையவாடி வரை போக வழியில்லை. குழி வெட்டியவர்களில் பாதி புதுப் பள்ளி, பாதி பெரிய பள்ளி. ஒரே வரிசையில் நின்று தொழுதோம். கையை எங்கே கட்டுவது, எத்தனை முறை உயர்த்துவது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பெரிய பள்ளி ஹஸரத் மாமாவின் கபுறடியில் குந்தியிருந்து தல்கீன் ஓதினார். வேறு நாளென்றால் நான் எழும்பிப் போயிருப்பேன். அன்று நின்றேன். தல்கீனுக்கு ஆதாரமில்லை என்பதே இன்றும் என் எண்ணம். ஆனால் அன்று அந்த மனிதரின் தலைமாட்டிலிருந்து விலக எனக்கு என்ன தகுதி?

விடிந்ததும் ஊரே நடந்தது. வெள்ளைத் துணி கட்டிய கம்பு முன்னால். கந்தளாய்ப் பக்கம். வெயில். பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை. பரீதா வழி முழுவதும் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பள்ளிக்குள்ளேயே இருந்திரிக்கலாமே வாப்பா. ஏன் வந்தாரு?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். கந்தளாயில் அகதிக் கூடாரத்தில் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திரும்பி வந்த அன்றே லைட் போஸ்டில் ஏறினேன். டேப்பைப் பிரித்து நரம்பைப் பூட்டினேன். இரண்டு நிமிட வேலை. லுஹர் பாங்கு எங்கள் ஒழுங்கைக்குக் கேட்டது. வீடு வீடாக வந்து எனக்கு நன்றி சொன்னார்கள். "ஜலால் கொழும்பால சாமான் எடுத்துச் செஞ்சு தந்தாரு" என்று ஊர் பேசியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான மனுசன் என்றார்கள்.

பிறகு வருடங்கள். திருகோணமலை டவுனில் சின்ன ரிப்பேர் கடை போட்டேன். எல்லாச் சமயத்து அம்ப்ளிபயரும் வரும். ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு கடையைச் சோதனை செய்யப் பொலிஸார் வந்தார்கள். என் கிதாபுகளை மேசையில் பரப்பினார்கள். "நாங்க அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்ல சேர்" என்றேன். உண்மை. நான் ஒரு மனிதனைக் கொல்ல நினைத்ததில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு கிதாபுகளைத் திரும்ப அடுக்கும்போது நினைத்தேன். தேவாலயத்தில் குண்டு வைத்தவனும் எங்கோ ஒரு சின்ன வேலையில்தான் தொடங்கியிருப்பான். அந்தச் சின்ன வேலையை நான் அறிவேன்.

போன மாதக் கடைசியில் இந்துக் கோயில் நிர்வாகத்து ஆள் ஒருவர் வந்தார். நல்ல மனுசன். எனக்குப் பல வருடப் பழக்கம். ஜெபக்கூட்டக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி ரிப்பேருக்கு என் மேசையில் கிடந்தது. அதைக் காட்டிச் சொன்னார்.

"நானா, இதில ஒரு சின்னப் பழுதை விட்டுக் குடுங்கோ. எங்கட பூசை நேரத்திலதான் அவையளும் பாடுகினம். ஆருக்கும் தெரியாது."

"ஏலாது ஐயா."

"என்ன நானா, சின்ன வேலைதானே?"

"ஏலாது. போங்க."

சத்தம் போட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு போனார். கடையைப் பூட்டிவிட்டு மூதூர் பஸ் ஏறினேன்.

பரீதா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். அவள் கத்தியை வைத்தாள்.

"வாப்பா உங்களுட்ட வந்து கேட்டவரா?"

"ஓம்."

"எரிஞ்சிட்டெண்டு சொன்னீங்க?"

"ஓம்."

"மையத்தக் குளிப்பாட்டக்குள்ள நீங்கதானே தண்ணி ஊத்தினீங்க?"

"ஓம்."

வீடு அவளுடையது. என்னைக் கடைக்குப் போகச் சொன்னாள். போனேன். ஒன்பது நாளாகக் கடையில்தான் படுக்கிறேன். அங்கேயே இதை எழுதத் தொடங்கினேன்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை. எழுதியதை நின்றபடியே வாசித்தாள். அவள் மெதுவாக வாசிப்பவள். கடைசித் தாளில், இழந்தவற்றின் கணக்கில், விரலை வைத்தாள்.

"நாலு பேருக்கும் ஷெல் பட்டு மௌத்தெண்டு எழுதியிருக்கீங்க."

"ஓம்."

"வாப்பாக்கு அப்பிடி எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க."

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பஸ் வரை கூடப் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் அன்று இழந்தவை: முழுதாக இரண்டு வீடு. பாதியாக மூன்று. ஒரு வள்ளம், அதன் வலைகள். ஐந்து ஆடு. ஒரு தையல் மெஷின்.

இழந்தவர்கள்:

இஸ்மாயில், வயது ஐம்பத்திரண்டு, மீன் வியாபாரம். ஒன்பதாம் வீடு. ஷெல் பட்டு.

அவருடைய மனைவி நூர்ஜஹான், நாற்பத்தாறு. கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஷெல் பட்டு.

பாத்தும்மா, எழுபதுக்கு மேல். பத்தாம் வீடு. நடக்க ஏலாதவர். தூக்கிக்கொண்டு போக இருபது நிமிடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

மீராலெப்பை ஆதம்பாவா, அறுபத்தேழு. பெரிய பள்ளி மோதினார். பரீதாவின் வாப்பா. என் மாமா. பள்ளிக்குள் இருந்திருந்தால் தப்பியிருப்பார். நான் கழற்றிவிட்டுப் பொய் சொன்ன வயருக்காக வெளியே வந்தார்.