குத்தாத பால் டின்

மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது ஒரு நாள், தானா ராத்தா பஸ் நிலையத்தில் போலீஸ் பைகளைச் சோதிக்கும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மளிகைக்கடைச் சிப்பந்தி, ஊருக்குப் பஸ் ஏற வந்த தன் மச்சானிடம் சொன்னான்:

"நான் ஜெயிலுக்குப் போனாலும் வேலை போகாதாம் மச்சான். முதலாளி வாக்குக் குடுத்துட்டாரு."

"நீ என்னடா செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யல லா. காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்குப் போயிடக் கூடாதுன்னு, சீக்கிரம் கெட்டுப்போறாப்ல டின்ன ஓட்ட போட்டுத்தானே விக்கணும்? முதலாளி பால் டின்ன குத்தாம முழுசா வித்துட்டாரு, போலீஸ் கண்டுபுடிச்சிருச்சு. நான்தான் வித்தேன்னு சொல்லணுமாம்."

"முடியாதுன்னு சொல்லு."

"சொன்னா இன்னிக்கே வெளிய போயிரணும். கடைக்குப் பின்னாலதானே பிள்ளைங்க எல்லாம் படுக்குதுங்க."

போலீஸ்காரர் மச்சானின் பையிலிருந்த சார்டின் டின்னைத் திருப்பி, ஆணி குத்திய ஓட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். எண்ணெய் அவர் விரலில் வழிந்தது.

"திரும்பி வந்தா நெசமாவே வேலை தருவாரா?"

"எனக்கு முந்தி இருந்தவன்கிட்டயும் இதையேதான் சொல்லி அனுப்புனாரு."

"அவன் எங்க இப்ப?"

"இன்னும் உள்ளதான் இருக்கான். அவன் வேலையைத்தான் நான் பாக்குறேன்."