பத்து உருட்டு

கம்ப்யூட்டர் மவுஸின் நடுவில் இருக்கிற சக்கரத்தை வாரம் ஒரு தரம் துடைக்க வேண்டும், ஐயா. எங்கள் மலை ஈரத்துக்கு அதில் படியும் தூசி பசையாகிவிடும். பிறகு உருட்டினால் படம் திக்கித் திக்கித்தான் பெரிதாகும். நில அளவை ஆபீஸில் அதைத் துடைப்பது என் வேலை.

என் பெயர் செங்கோடன். நில அளவுக்கு வந்த ஜோசப் சாருக்கு டேப்பும் கம்பும் தூக்கினேன். நாற்பத்தாறு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவன் என்பதால் அளவுகளை நோட்டில் குறித்ததும் நான்தான். மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்போம்; திண்ணனூர் நாட்டில் எங்கள் சரிவில் நாற்பத்தொரு வீடுகள். வீட்டுக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினாலு வீட்டில் இருந்தது. அந்தக் குடும்பங்களை மழைக்கு முன்னால் அடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம் குடிவைப்பதாக ஏற்பாடு.

சார் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்தார். முழுப் படத்தில் ஒரு வீடு மிளகளவு இருக்கும். வெடிப்பு மெல்லிய கோடு. பெரிதாக்காவிட்டால் சுவர்க் கோட்டோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு உருட்டுக்கு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று எண் போடும் இடம் ஒன்று உண்டு. முதலில் படம் துள்ளியது. சார் அந்த எண்ணை அறுபதுக்கு இறக்கினார்.

"கூட்டினா பாயும், குறைச்சா நடக்கும். உங்க மாட்டு மூக்கணாங்கயிறுன்னு வச்சுக்குங்க, அண்ணே."

அறுபதில் பத்து உருட்டு உருட்டினால் வெடிப்பு தனியாகத் தெரியும். பிறகு சார் வளைவில் பைக்கோடு விழுந்து, கை முறிந்து ஊருக்குப் போனார். வீட்டுக்குப் பத்து உருட்டு, இரட்டைக் கோடு தெரிந்தால் பட்டியலில் எழுதவும் என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். அவருக்குப் பதிலாகப் பிரிசில்லா மேடம் வந்தார்.

பதினாலில் ஒன்று என் மகள் சுமித்ரா வீடு. என் மனைவி இறந்து ஆறு வருடம். தினம் மத்தியானம் சுமித்ராதான் களி கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பாள். எனக்கு வேறு ஆளில்லை.

"ஏனுங்கப்பா, மூஞ்சி அப்படிப் போகுது? கீழ போனா வாரத்துக்கு ஒருக்கா பஸ்ஸேறி வாரேன். அது வரைக்கும் சக்கரத்தைத் தொடச்சுக்கிட்டு இருங்க," என்று சிரித்தாள்.

மேடம் வருகிற அன்று காலை அந்த எண்ணைப் பதினைந்தாக்கினேன்.

ஒரு வீட்டுக்கு மட்டும் மாற்றும் வசதி அதில் இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

மேடம் எண்ண எண்ண நான் உருட்டினேன். பத்துக்கு ஒன்று குறையவில்லை. அகலமாக வெடித்திருந்த மூன்று வீடுகள் மட்டும் தெரிந்தன. அந்த மூன்றை மட்டும் பட்டியலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்; சுமித்ரா வீடு அதில் இல்லை.

"பரவாயில்லையே அண்ணே, பயந்த அளவுக்கு இல்ல," என்றார்.

"ஆமாங்க மேடம்," என்றேன்.

அவர் போனதும் எண்ணைத் திரும்ப அறுபதாக்கினேன். அடுத்து வருகிறவருக்குச் சிரமம் வேண்டாம்.

இப்போது விசாரணையில், மேடம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாக அவர் மேல் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அவர் நாற்பத்தொன்றையும் பார்த்தார். கோட்டை அழித்தாயா என்று என்னைக் கேட்டீர்கள். ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. எல்லாம் அப்படியே இருக்கின்றன, நீங்களே உருட்டிப் பார்க்கலாம்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் சரிவு இறங்கியது. பதினொரு பேர் செத்தார்கள். மாட்டை அவிழ்த்துக் கட்டப் பின்னால் போன என் மருமகன் சதீஷ்குமாரும் அதில் ஒருவர். சுமித்ரா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். களி கிண்டி வைக்கிறாள். நான் தின்று முடிக்கும் வரை உட்காருவதில்லை.

சரிவு இறங்கும் என்று எனக்குத் தெரியாது, ஐயா. மண் யாரிடம் சொல்லிவிட்டு வருகிறது? அன்று மத்தியானம் எனக்குக் கால் வலி. அதனால்தான் அவளைப் போனில் கூப்பிட்டேன். களியோடு வா கண்ணு என்றேன். வரும்போது பிள்ளைகள் இரண்டையும், பீரோவில் இருக்கிற ரேஷன் கார்டையும் பட்டாவையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அவ்வளவுதான்.