லைன் நின்னா வர்ற பாட்டு

வேணாம் சார், அந்தப் பாட்ட மட்டும் கேக்காதீங்க. கம்ப்யூட்டர்லதான் கீது, இல்லன்னு சொல்லல. ஒரு பட்டன் தட்டுனா ஓடும். ஆனா அந்தப் பட்டன நான் தட்ட மாட்டேன்.

உக்காருங்க, சொல்றேன். முன் ரூம்தான் நம்ம ஸ்டுடியோ, வயரு பாத்து கால் வைங்க. டீ போடச் சொல்லிக்கீறேன். நீங்க வடக்குப்பட்டு கம்பெனில புது மெஷின் லைன் போட்றீங்க, லைன் நின்னா ஸ்பீக்கர்ல வர்றதுக்கு மியூசிக் வேணும், அந்தப் பாட்டு மாதிரியே ஷோக்கா வேணும். சேரப்பணஞ்சேரி கீபோர்டு வசந்தகுமாரப் பாருன்னு என்னாண்ட அனுப்பிச்சிட்டாங்க. இன்னா ஷோக்கு சார்? கலீஜ். போட்டவன் நானே சொல்றேன்.

மொதல்ல நான் குடுத்தது அது இல்ல. ஒரு ரப்பர் மோல்டிங் கம்பெனிக்குப் போட்டது. ரப்பர் தீந்தாலும் சரி, ஆபத்துன்னாலும் சரி, மெஷினாண்ட நிக்கறவங்க கயித்த இழுத்தா லைன் நிக்கும், பாட்டு வரும், ஆளுங்க ஓடி வரணும். அவ்ளோதான வேலை? பக்கத்துப் பக்கத்து சுரம் ரெண்ட ஒண்ணா அழுத்தி வெச்சேன். ரெண்டும் மோதிக்கினு, கேட்டா பல்லு கூசும். புல்லாங்குழல், வீணைலாம் எடுக்கல. தகரத்த தரையில இழுத்து ரெக்கார்ட் பண்ணி, அத்தயே சுரமா வளைச்சேன். யாரும் வரலன்னா பத்து செகண்டுக்கு ஒருவாட்டி இன்னும் கிட்ட வந்து கத்தறா மாதிரி ஏறிக்கினே போவும். மெய்யாலுமே நல்ல வேலை சார் அது. கேட்டுக்கினு ஒருத்தன் சும்மா உக்கார முடியாது.

ப்ளாண்ட் ஹெட்டு நம்பிராஜன் காதப் பொத்திக்கினாரு. கஸ்டமர் விசிட் வர்ற எடம்யா, இன்னாய்யா பேய் மாதிரி கத்துது, கேக்க இதமா போடுன்றாரு. லைன் நின்னதே வர்றவனுக்குத் தெரியக் கூடாதாம். அப்ப எதுக்குய்யா பாட்டுன்னு கேட்டிருக்கணும். எங்க கேட்டேன்? சரி சார்னு பல்ல இளிச்சிக்கினு வந்தேன்.

மோதிக்கினு இருந்த சுரத்தப் பிரிச்சி, மூணு சுரம் அழகா சேர்றா மாதிரி வெச்சேன். தகரம் போயி புல்லாங்குழல் வந்துச்சி. ஏறிக்கினு போறதும் கட். ஒரே மட்டம், பதினோரு செகண்டு, முடிஞ்சா திரும்ப மொதல்லேர்ந்து. முடியற எடத்துல எல்லாம் சரியாப் போச்சுன்றா மாதிரி போய் உக்காரும். நம்பிராஜனுக்கு ஒரே குஷி. லைன் பொண்ணுங்க கூடவே பாடுவாங்களாம். எங்க வூட்லகூட கொழம்பு கொதிக்கும்போது அதான் முணுமுணுப்பு. பெருமையா இருந்துச்சி சார் எனக்கு. இப்ப நெனச்சா என்மேலயே அருவருப்பா கீது.

போன ஆடில, காலை ஷிப்டு. பிரஸ்ல ஒரு பொண்ணு கை மாட்டிக்கிச்சி. ரப்பர வேக வைக்கிற சூடு பிரஸ் சார். மெஷின் நின்னாலும் தட்டு தானா தொறக்காது, மெயின்டனன்ஸ் ஆளு வந்து தூக்கணும். இன்னொரு கையால கயித்த இழுத்துட்சி. பாட்டு வந்துட்சி. எல்லாருக்கும் காதுல பஞ்சு, பக்கத்து லைன் எரைச்சல் வேற. அது கத்துனது எவனுக்கும் கேக்கல. என் பாட்டுதான் கேட்டுச்சி.

நாலு மெஷின் தள்ளி சந்தனமாரின்னு ஒரு பொண்ணு, சங்கரன்கோயில்லேர்ந்து வந்து ஹாஸ்டல்ல கீது. என்னாண்ட வந்து அழுவுது. ரப்பர் தீந்துட்டுன்னு நெனச்சேம்ண்ணே, நானும் கூட சேந்து பாட்டு படிச்சிக்கிட்டு நின்னேம்ண்ணேன்னு. அது இன்னா பண்ணும்? கூடப் பாடறா மாதிரி போட்டவன் நானு.

இருபத்திரெண்டு சுத்து ஓடிச்சி சார். நாலு நிமிஷம். எனக்கு எப்டித் தெரியும்ன்றீங்களா? கை மாட்டிக்கினு நின்னவதான் எண்ணிக்கினு இருந்தா. இந்த சுத்து முடிஞ்சா யாராச்சும் வந்துருவாங்க, இந்த சுத்து முடிஞ்சா வந்துருவாங்கன்னு.

மாத்துனாங்களாவா? அட நீங்க வேற. இன்னும் அதேதான் ஓடுது. ஷோக்கா கீதுன்னு உங்களுக்கே சேதி வந்துட்சில்ல.

மொதல்ல போட்ட அந்தத் தகரப் பாட்ட அழிக்காம வெச்சிக்கீறேன். வேணும்னா அத்த எடுத்துக்கினு போங்க. உங்க மேனேஜர் திட்டுவாரு, திட்டட்டும். இதமா வேணும்னா வேற ஆளப் பாருங்க.

தோ, டீ வந்துட்சி. வாங்கிக்கோங்க சார். எடது கைல நீட்றாளேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. என் வூட்டுக்காரி, ஜோதி. அவளுக்கு இப்ப அந்த ஒரு கைதான்.